கார்பன் சைக்கிள் உடையுமா? வாங்கும் முன்பும் விழுந்த பின்பும் தெரிந்திருக்க வேண்டியவை

கார்பன் ஃபைபர் சைக்கிள் வாங்கலாமா என்று யோசிக்கும் எவரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்: "ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே பட்டுன்னு உடைஞ்சிடுமாமே?" சும்மா கேட்கிற கேள்வி இல்லை இது. இரண்டாக ஒடிந்து கிடக்கும் ஃபிரேமின் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பார்கள். 2023 ஜூனில் டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கி ஐந்து பேரோடு நொறுங்கியது. அதன் உடற்பகுதியும் கார்பன் ஃபைபர்தான் என்று செய்திகளில் வந்த பிறகு பயம் இன்னும் கூடிவிட்டது.

இதற்கு நேர்மாறான உண்மையும் கண்முன்னே இருக்கிறது. போயிங் 787 விமானத்தின் கட்டமைப்பு எடையில் ஏறக்குறைய பாதி இந்த வகைக் கலவைப் பொருள்தான். 1986ல் கிரெக் லெமாண்ட் டூர் டி பிரான்ஸை வென்றது கார்பன் குழாய்களால் ஆன ஃபிரேமில். இன்று அந்தப் பந்தயத்தில் கார்பன் அல்லாத ஃபிரேமைத் தேடினாலும் கிடைக்காது. மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்குகிறவர்கள் இதை நம்பித்தான் இறங்குகிறார்கள்.

ஆக, கார்பன் பலவீனமான பொருள் இல்லை. ஆனால் சொல்லாமல் உடையக்கூடிய பொருள். இந்த ஒரு குணம் புரிந்துவிட்டால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தானாகப் புரியும்.

உள்ளே என்ன இருக்கிறது

கார்பன் ஃபைபர் என்பது கரியால் ஆன மெல்லிய இழை. ஒரு இழையின் தடிமன் 5 முதல் 7 மைக்ரான். நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற செயற்கை இழையை முதலில் 200 – 300 டிகிரி சூட்டில் பக்குவப்படுத்தி, அப்புறம் ஆக்சிஜன் இல்லாத உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டால் மற்றதெல்லாம் வெளியேறி, கரி மட்டும் நீளவாட்டில் ஒழுங்காக அடுக்கிய இழையாக மிஞ்சும். இப்படி ஆயிரக்கணக்கான இழைகளை ஒன்றாகச் சேர்த்துத் தாள் போல விரித்து, எபாக்சி ரெசின் என்ற, சூட்டில் இறுகும் பசையில் ஊறவைத்துத் தருவார்கள். சைக்கிள் தொழிற்சாலையில் அந்தத் தாள்களை வெட்டி, கையால் அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அழுத்தமும் சூடும் கொடுத்து இறுக வைக்கிறார்கள். ஒரு ஃபிரேமுக்கு இப்படிப் பல நூறு துண்டுகள் ஒட்ட வேண்டியிருக்கும். விலை அதிகமாக இருப்பதற்கு இந்தக் கைவேலையும் ஒரு முக்கியமான காரணம்.

இழையின் பலம் சாதாரணமானது இல்லை. ஜப்பானின் டோரே நிறுவனத்தின் டி700 என்ற இழை, இழுவையில் சதுர மில்லிமீட்டருக்கு 4,900 நியூட்டன் தாங்கும். இது வெறும் இழையின் கணக்கு. ரெசின் சேர்ந்து, இழைகள் பல திசைகளில் பிரிந்து கிடக்கும் குழாயில் இந்த எண் வெகுவாகக் குறையும். குறைந்த பிறகும் எடைக்கு எடை பார்த்தால் ஸ்டீல், அலுமினியம் இரண்டையும் தாண்டியே நிற்கும். ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டீல் 7.8 கிராம், அலுமினியம் 2.7 கிராம், கார்பன் கலவை சுமார் 1.6 கிராம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் ஏன் என்று விளங்கும்.

இந்தப் பலம் இழை ஓடும் திசையில் மட்டும்தான் இருக்கிறது. மூங்கிலைப் பாருங்கள். குறுக்கே போட்டு ஒடிக்க முடியாது. ஆனால் நுனியில் அரிவாளை வைத்து ஒரு தட்டு தட்டினால் நெடுக்காகப் பிளந்துகொண்டே போகும். நாரின் திசையில் இரும்பு போல இருக்கும், நாருக்கும் நாருக்கும் நடுவே உள்ள ஒட்டு மட்டும் அவ்வளவு வலுவானதில்லை. கார்பனிலும் அதே கதைதான். இழை தாங்கும், இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் ரெசின் அந்த அளவுக்குத் தாங்காது. அதனால்தான் வடிவமைப்பவர்கள் ஒரு அடுக்கை நீளவாட்டிலும், அடுத்ததை 45 டிகிரி சாய்வாகவும், இன்னொன்றைக் குறுக்காகவும் ஒட்டுகிறார்கள். எந்தப் பக்கத்திலிருந்து விசை வரும் என்று கணக்குப் போட்டு, அங்கே அடுக்கைக் கூட்டி, வராத இடத்தில் குறைப்பார்கள். கார்பன் சைக்கிளின் சிறப்பு அங்கேதான் இருக்கிறது. அதன் ஆபத்தும் அங்கேதான். மிதிப்பது, குழியில் இறங்குவது, ஹேண்டில்பாரை இழுப்பது ஆகியவை கணக்கில் இருந்த விசைகள். மேல் குழாயின் நடுவில் பக்கவாட்டில் ஒரு கல்தூணின் முனை வந்து இடிப்பது கணக்கில் இல்லாதது. அந்த இடத்தில் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும்.

டைட்டன் பயத்துக்குப் பதிலும் இதில் இருக்கிறது. கார்பன் இழை இழுத்தால் பிரமாதமாகத் தாங்கும், நசுக்கினால் அந்த அளவுக்கு இல்லை. கிட்டத்தட்ட 3,800 மீட்டர் ஆழத்தில் நாலா பக்கமும் கடல் நசுக்கும் உருளைக்கும், சாலையில் ஓடும் சைக்கிளுக்கும் பொருளின் பெயரைத் தவிர ஒப்பிட எதுவும் இல்லை.

உலோகம் வளையும், கார்பன் வளையாது

ஒரு அலுமினியக் கம்பியையோ ஸ்டீல் கம்பியையோ அதிகமாக அழுத்தினால் முதலில் வளையும். விசையை எடுத்த பிறகும் வளைந்தே இருக்கும். சைக்கிள் கீழே விழுந்து ஹேண்டில்பார் கோணிவிட்டால் பார்த்ததுமே தெரிந்துவிடும். கடைக்கு எடுத்துப் போவோம். கார்பனில் இந்த நடுக்கட்டமே கிடையாது. அது ஸ்பிரிங் போல வளைந்து, விட்டதும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். எல்லையைத் தாண்டினால் உடைந்துவிடும். டி700 இழை உடைவதற்கு முன் அதிகபட்சம் சுமார் 2 சதவீதம்தான் நீளும்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். அடி பலமாகப் பட்டும் உடையாத நிலை ஒன்று உண்டு. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் ஒட்டு விட்டுப் போயிருக்கும். விமானத் துறையில் இந்தக் கண்ணுக்குத் தெரியாத சேதத்துக்கென்றே தனியாக ஆராய்ச்சியும் சோதனை முறைகளும் இருக்கின்றன. சைக்கிளில் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த வாரமும் ஆகாமல் போகலாம். ஒட்டு விட்ட இடம் ஒவ்வொரு குலுக்கலிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி, ஏதோ ஒரு சாதாரணக் குழியில் இறங்கும்போது மொத்தமாக விட்டுக்கொடுக்கும். "ஒன்னுமே பண்ணலைங்க, தானா உடைஞ்சிடுச்சு" என்று சொல்லப்படும் கதைகளில் பல இந்த வகைதான். தானாக உடைந்ததில்லை அது. எப்போதோ பட்ட அடிக்கு இப்போது உடைந்திருக்கிறது.

2021 மார்ச் 2ஆம் தேதி பெல்ஜியத்தில் நடந்த லெ சமீன் பந்தயத்தில் உலகமே இதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. நெதர்லாந்து வீரர் மத்தியூ வான் டெர் பூல் ஓட்டிய, கேன்யன் நிறுவனத்தின் ஏரோட் சைக்கிளின் கார்பன் ஹேண்டில்பார், பிரேக் லீவர் இறுக்கப்பட்டிருக்கும் பகுதியில் ஒடிந்து தொங்கியது. அவர் விழவில்லை. முன்கையை ஹேண்டில்பார்மேல் வைத்துக்கொண்டு ஓட்டி முடித்தார். அவருடைய அணியின் டிம் மெர்லியர்தான் அன்று வென்றார். நிறுவனம் அந்த மாடல் வைத்திருந்த எல்லோரையும் ஓட்டுவதை நிறுத்தச் சொல்லி, பிறகு மாற்றுப் பாகம் கொடுத்தது. உடைந்த இடத்தைக் கவனியுங்கள்: உலோக வளையம் கார்பனைப் பிடித்து இறுக்கும் இடம். இதற்கு மறுபடி வருவோம்.

உலோகம் மட்டும் சொல்லிவிட்டுத்தான் உடையும் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2006 பாரிஸ் – ரூபே பந்தயத்தில் ஜார்ஜ் ஹின்காபியின் ஃபோர்க் தண்டு (முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலிருந்து ஹேண்டில்பார் வரை ஏறும் குழாய்) ஒடிந்து, ஹேண்டில்பார் கையோடு வந்துவிட, அவர் கற்சாலையில் விழுந்து தோளில் காயப்பட்டார். ஃபிரேம் கார்பன், ஒடிந்த தண்டு அலுமினியம். அதே பந்தயத்தில் சற்று முன்னால் அவர் ஒருமுறை விழுந்திருந்தார், அதில்தான் தண்டு சேதமாகியிருக்க வேண்டும் என்று சைக்கிள் நிறுவனம் சொன்னது. அடி பட்ட பாகத்தோடு தொடர்ந்து ஓட்டுவது எந்தப் பொருளிலும் ஆபத்துதான். கார்பனில் அடி பட்டிருப்பது தெரியாமல் போக வாய்ப்பு அதிகம், அவ்வளவே.

பழசானால் பலம் போய்விடுமா

இங்கே கார்பனுக்குச் சாதகமான செய்தி இருக்கிறது. அலுமினியத்தைச் சிறிய விசையாலேயே திரும்பத் திரும்ப அசைத்துக்கொண்டிருந்தால், என்றைக்காவது ஒருநாள் விரிசல் விடும். அதனால்தான் அலுமினிய ஃபிரேமைத் தேவைக்கு மேல் தடிமனாகச் செய்கிறார்கள். கார்பன் கலவை இந்த அசைவுச் சோர்வை உலோகங்களைவிட நன்றாகவே தாங்கும். அடி படாமல், ஒழுங்காக இறுக்கி ஓட்டிய கார்பன் ஃபிரேமைப் பத்து வருஷம் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் தூக்கிப் போடத் தேவையில்லை.

1980களிலும் 90களிலும் வந்த ஃபிரேம்கள் கார்பனுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தன. கார்பன் குழாயை அலுமினிய மூட்டுகளில் பசையால் ஒட்டிய அமைப்பு அவை. அவற்றில் விட்டுக்கொடுத்தது பெரும்பாலும் பசை, குழாய் இல்லை. இன்றைய ஃபிரேம்களில் அந்த மூட்டே கிடையாது.

பாதுகாப்புக்கு ஐஎஸ்ஓ 4210 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அதன்படி பந்தய வகை ஃபிரேமில் 1,100 நியூட்டன் விசையில், அதாவது கிட்டத்தட்ட 112 கிலோ எடைக்குச் சமமாக, ஒரு லட்சம் முறை பெடலை அழுத்திப் பார்க்க வேண்டும். சாதாரணமாக மிதிக்கும்போது நாம் கொடுக்கும் விசை இதில் சிறு பங்குதான். 22.5 கிலோ எடையை முன்பக்கத்தில் விழவைத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. நல்ல நிறுவனங்கள் இதற்கு மேலும் சோதிக்கின்றன. ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாம் புதுப் பாகத்துக்கு. மூன்று வருஷம் ஓட்டி, இரண்டு முறை விழுந்து, அளவு பார்க்காமல் போல்ட் இறுக்கிய பாகத்துக்கு யாரும் சான்றிதழ் தரவில்லை.

சேதம் பெரும்பாலும் தொடங்கும் இடம்: போல்ட்

சாலையில் படும் அடியைவிட ஆலன் கீயால் (போல்ட்டை இறுக்கும் அறுகோணச் சாவி) படும் அடிதான் கார்பனுக்கு அதிகம் என்பது என் கருத்து. ஹேண்டில்பாரை ஸ்டெம்மில் (ஹேண்டில்பாரையும் ஃபோர்க் தண்டையும் இணைக்கும் துண்டு) பிடிக்கும் நாலு போல்ட், ஸ்டெம்மை ஃபோர்க் தண்டில் பிடிக்கும் இரண்டு போல்ட், பிரேக் லீவர் வளையம், சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டைப் பிடிக்கும் போல்ட். ஒவ்வொன்றும் மெல்லிய கார்பன் சுவரை வெளியிலிருந்து நசுக்குகிறது. கார்பனுக்குப் பிடிக்காத விசை அதுதான்.

பெரும்பாலான ஸ்டெம்களில் போல்ட் பக்கத்திலேயே 5 நியூட்டன் மீட்டர் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆலன் கீயின் நுனியில் சுமார் 5 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு அது. இரண்டு விரலால் அழுத்தினாலே வந்துவிடும். முழுக் கையையும் போட்டு "இன்னும் ஒரு சுத்து, அப்பத்தான் நகராது" என்று இறுக்கினால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு போய்விடும். இறுக்கும்போது 'டிக்' என்று மெல்லிய சத்தம் கேட்டால் இழை உடைந்திருக்க வாய்ப்பு உண்டு. அதற்குமேல் அந்தப் பாகத்தைக் கழற்றிப் பார்க்காமல் ஓட்டக் கூடாது.

அதனால் கார்பன் பாகம் ஒன்று இருந்தாலும் டார்க் ரெஞ்ச் வாங்கிவிடுங்கள். சரியான முறுக்கு வந்ததும் 'கிளிக்' என்று சொல்லிவிடும் கருவி. லட்சக்கணக்கில் சைக்கிள் வாங்கியவர்கள் இதற்கு யோசிப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ஸ்டெம்மின் நாலு போல்ட்டையும் ஒரே மூச்சில் இறுக்காமல், மேலே ஒன்று, எதிர்மூலையில் ஒன்று என்று மாறி மாறி, கால் கால் சுற்றாகக் கொண்டுபோங்கள். நிறுவனம் வேறு விதமாகச் சொல்லாதபட்சத்தில் ஹேண்டில்பாரை முன்னாலிருந்து மூடும் முகப்புத் தகட்டின் மேலேயும் கீழேயும் இடைவெளி ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மூடி, ஒரு பக்கம் திறந்திருந்தால் தகட்டின் விளிம்பு ஹேண்டில்பாரில் பதிந்துவிடும்.

சொன்ன அளவுக்கு இறுக்கியும் சீட் போஸ்ட் வழுக்கிக் கீழே இறங்குகிறதா? உடனே இன்னும் இறுக்கத் தோன்றும். வேண்டாம். கார்பன் பேஸ்ட் என்று ஒரு சிறு பாக்கெட்டில் விற்பார்கள். நுண்ணிய மணிகள் கலந்த பசை. அதைப் பூசினால் குறைந்த முறுக்கிலேயே பிடிப்பு வந்துவிடும். சாதாரண கிரீஸ் இதற்கு எதிரி: வழுக்கலைக் கூட்டி, நம்மை அதிகமாக இறுக்க வைக்கும்.

ஃபோர்க் தண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உடைந்தால் மிக மோசமாக விழவைக்கும் பாகம் அது. ஸ்டெம்மைக் கழற்றாதவரை கண்ணில் படவும் படாது. ஃபோர்க்கிலிருந்து மேலே எழும்பி, ஃபிரேமின் தலைக்குழாய் வழியாகப் போய் ஸ்டெம்மில் முடியும் குழாய் இது. மேல்முனையில் பெரும்பாலும் 28.6 மில்லிமீட்டர் விட்டம். உலோகத் தண்டுக்குள் அடித்து இறக்கும் ஸ்டார் நட் இதற்குள் போகவே கூடாது, உள்சுவரைக் கீறிவிடும். விரிந்து பிடிக்கும் எக்ஸ்பாண்டர் பிளக்தான் வைக்க வேண்டும். அந்தப் பிளக், ஸ்டெம் இறுக்கும் உயரத்திலேயே உள்ளே இருந்து முட்டுக் கொடுக்க வேண்டும். மிகக் கீழே இறங்கியிருந்தாலோ, நீளம் போதாமல் இருந்தாலோ, ஸ்டெம் வெற்றுக் குழாயை நசுக்கும். ஸ்டெம்முக்குக் கீழே எத்தனை மில்லிமீட்டர் ஸ்பேசர் (உயரம் கூட்டும் வளையங்கள்) அடுக்கலாம் என்பதற்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. முதுகு வலிக்கு நல்லது என்று வரம்பு மீறி உயர்த்தக் கூடாது.

பெரிய நிறுவனங்களுக்கே இந்த இடம் சிக்கலாகியிருக்கிறது. 2021 டிசம்பரில் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் தன்னுடைய டார்மாக் எஸ்எல்7 சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. காரணம், இந்தத் தண்டில் விரிசல் விழலாம் என்ற சந்தேகம். தலைக்குழாய்க்குள் இருக்கும் ஒரு வளையத்தையும் பிளக்கையும் மாற்றிக் கொடுத்தார்கள். நம் ஊரில் ஒருவரிடமிருந்து ஒருவர் கை மாறி வாங்கிய சைக்கிளுக்கு இப்படிப்பட்ட அறிவிப்பு வந்து சேராது. உங்கள் மாடலின் பெயரையும் ஆண்டையும் போட்டு, நிறுவனத்தின் தளத்தில் நீங்களே தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போல்ட் இல்லாமலும் நசுக்கலாம். சர்வீஸ் ஸ்டாண்டின் தாடையை மேல் குழாயில் மாட்டி இறுக்குவது, கார் கேரியரில் ஃபிரேமைக் கவ்விப் பிடிப்பது, லாரியிலோ ரயிலிலோ அனுப்பும்போது கயிற்றால் குழாயைச் சுற்றி முறுக்கிக் கட்டுவது எல்லாம் ஒரே வகைதான். ஸ்டாண்டில் சீட் போஸ்ட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். கேரியர் என்றால் சக்கரத்தைப் பிடிக்கும் வகையாக இருக்கட்டும்.

சக்கரமும் சூடும்

கார்பன் ரிம்மில், அதாவது சக்கரத்தின் வெளிவளையத்தில், பிரச்சினை வேறு: சூடு. ரிம்மையே பிடிக்கும் பழைய வகை பிரேக்கில், மலை இறங்கும்போது உங்கள் வேகத்தைக் குறைக்கும் சக்தி முழுவதும் ரிம்மில் சூடாக இறங்கும். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, இறக்கம் 500 மீட்டர் உயரம் என்றால், அந்த ஆற்றல் ஒரு லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மீதி ரிம்முக்கு. அலுமினியம் சூட்டைப் பரப்பிவிடும். கார்பனில் ரெசின் இளகி, ரிம்மின் ஓரம் உப்பி, டியூப் வெடித்த சம்பவங்கள் இப்படித்தான் நடந்தன. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்குபவர்களுக்கு இந்த வகை ரிம் ஏற்றது இல்லை.

டிஸ்க் பிரேக் வந்ததும் இந்தக் கவலை போய்விட்டது. சூடு சக்கரத்தின் நடுவில் இருக்கும் ரோட்டர் என்ற உலோகத் தட்டில் இறங்கும், ரிம்முக்கு வேலையே இல்லை. 2018 ஜூலையில் உலக சைக்கிள் சம்மேளனம் சாலைப் பந்தயங்களில் டிஸ்க்கை முறையாக அனுமதித்தது. ரிம் பிரேக் வண்டியில் கார்பன் சக்கரம் வைத்திருப்பவர்கள் அந்த ரிம்முக்கென்று நிறுவனம் சொன்ன பிரேக் கட்டையை மட்டும் போடுங்கள். அலுமினிய ரிம்மில் ஓடிய கட்டையை அப்படியே மாற்றிப் போடாதீர்கள், உலோகத் துகள் ஒட்டியிருந்தால் கார்பனை அரைத்துவிடும்.

வெயிலைப் பற்றிய பயம் தேவைக்கு அதிகம். சூரியனின் புற ஊதாக் கதிர் எபாக்சியைக் கெடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் மேலே இருக்கும் பெயின்ட்டும் வார்னிஷும் அதற்காகவே பூசியவை. பூச்சு உரிந்த இடத்தை அப்படியே விடாமல் பூசிவிட்டால் போதும். வியர்வையும் உப்புக்காற்றும்தான் கவனிக்க வேண்டியவை, அதுவும் கார்பனுக்காக இல்லை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். உப்புநீர் இருக்கும் இடத்தில் அலுமினியத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். ஈசிஆர் கடற்கரைச் சாலையில் அதிகாலையில் ஓட்டுபவர்கள், வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நிறுத்தி வைத்து மிதிக்கும் கருவி) வியர்வை சொட்ட மிதிப்பவர்கள் ஆகியோரின் வண்டியில் அலுமினிய சீட் போஸ்ட் கார்பன் ஃபிரேமுக்குள் இறுகிப்போய், வெளியே எடுக்க முடியாமல் ஃபிரேமையே பாழாக்குவது இதனால்தான். சில மாதங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி போடுங்கள். ஹேண்டில்பார் டேப்புக்கு அடியிலும் அப்படித்தான்: வியர்வை அலுமினிய ஹேண்டில்பாரை அரிக்கும், கார்பனை அரிக்காது.

விழுந்துவிட்டீர்கள், சரி, இப்போது என்ன

முதலில் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். சைக்கிளை அப்புறம் பார்க்கலாம். தலையிலோ தோளிலோ அடி பட்டிருந்தால் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும் யோசனையே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைக் கழுவித் துடையுங்கள். அழுக்குக்கு அடியில் விரிசல் ஒளிந்துகொள்ளும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் குழாயோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத நெளிவும் கோடும் நிழலாகத் தெரியும். ஃபோர்க்கின் கால்கள் மேலே சேரும் இடத்தின் பின்பக்கம், சக்கர அச்சு உட்காரும் இடம், பெடல் அச்சைச் சுற்றிய பகுதி, பின் சக்கரத்துக்குப் போகும் மெல்லிய குழாய்கள், சீட் போஸ்ட் நுழையும் வாய், கீழ்க்குழாயின் அடிப்பக்கம். மேல் குழாயின் முன்பகுதியையும் மறக்காதீர்கள். விழும்போது ஹேண்டில்பார் சுழன்று வந்து அடிக்கும் இடம் அது.

அடுத்து ஒரு பழைய பருத்தித் துணியை எடுத்து, குழாய் நெடுகத் தடவுங்கள். உடைந்த இழையின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் துணி நூல் சிக்கும். வெறும் விரலால் தடவ வேண்டாம், இழைத் துண்டு விரலில் ஏறினால் எடுப்பது சிரமம்.

அப்புறம் நாணயம். ஒரு ரூபாய்க் காசின் விளிம்பால் குழாயின் மேல் மெதுவாக, ஒரு விரல் இடைவெளிக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் சத்தம் தெளிவாக, கணீரென்று வரும். உள்ளே அடுக்கு விட்ட இடத்தில் சத்தம் மந்தமாகி, அட்டையைத் தட்டுவது போலக் கேட்கும். குழாயின் தடிமன் மாறும்போதும், உள்ளே உலோகத் துண்டு இருக்கும் இடத்திலும் சத்தம் இயல்பாகவே மாறும், அதனால் உடனே பதறாதீர்கள். இடப்பக்கக் குழாயில் தட்டிய அதே இடத்தை வலப்பக்கத்திலும் தட்டி ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்று போல் இருக்க வேண்டும். விமானங்களின் கலவைப் பாகங்களைச் சோதிப்பவர்களும் இந்தத் தட்டும் முறையைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் தட்டிப் பார்த்துச் சத்தம் நன்றாக இருந்தால் பாகம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாகிவிடாது. சேதத்தைக் கண்டுபிடிக்க உதவும் முறை இது. சேதம் இல்லை என்று உறுதி தருகிற முறை இல்லை. அதற்கு அல்ட்ராசவுண்ட், வெப்பப் படம், சிடி ஸ்கேன் போன்றவை வேண்டும்.

கோடு ஒன்று தெரிகிறது, பெயின்ட்டா கார்பனா என்று புரியவில்லை என்றால், கோட்டின் இரு முனைகளிலும் மெல்லிய பேனாவால் குறி வைத்து, தேதியோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்பகுதிக் குழாயில் இருக்கும் முடி போன்ற கோடு என்றால் அதைச் சைக்கிள் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டி, ஜாக்கிரதையாகக் கவனித்துக்கொண்டே இருக்கலாம். கோடு குறியைத் தாண்டியது என்றால் அது பெயின்ட் இல்லை. ஹேண்டில்பார், ஸ்டெம், ஃபோர்க் ஆகியவற்றில் இந்தப் பொறுமை கூடாது. அந்த மூன்றும் நம் எடையை முன்னால் தாங்கி நிற்பவை. உடைந்தால் சுதாரிக்க நேரமே இருக்காது. கார்பன் ஹேண்டில்பார் பலமாகத் தரையில் அடித்திருந்தால், கோடு தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. பல நிறுவனங்களின் கையேடும் அதையே சொல்கிறது.

இதே காரணத்துக்காக, முதல் சாலை சைக்கிள் வாங்குபவர்களுக்கு ஃபிரேமும் ஃபோர்க்கும் கார்பனாக இருக்கட்டும், ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் அலுமினியமாகவே இருக்கட்டும் என்று சொல்வேன். கார்பன் ஹேண்டில்பாரில் மிச்சமாகும் எடை நூறு கிராமைத் தாண்டுவது அபூர்வம். புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்பவர் சிக்னலில், திருப்பத்தில் என்று நாலு தடவை சாய்ந்து விழத்தான் செய்வார். அப்போதெல்லாம் முதலில் தரையைத் தொடுவது ஹேண்டில்பார். சீட் போஸ்ட் கார்பனாக இருந்தால் நல்லது, குலுக்கலைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

பழைய சைக்கிளும் போலிகளும்

கை மாறி வாங்கும் கார்பன் சைக்கிளில் நாம் உண்மையில் வாங்குவது அதன் கடந்த காலத்தை. பில் இருக்கிறதா, எத்தனை முறை விழுந்தது, பெயின்ட் மறுபடி அடித்ததா என்று கேளுங்கள். ஒரு குழாயில் மட்டும் பெயின்ட் புதிதாக மின்னினாலோ, ஸ்டிக்கர் தேவையில்லாத இடத்தில் ஒட்டியிருந்தாலோ அடியில் என்ன என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஸ்டெம்மைக் கழற்றித் தண்டைக் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

பெரிய பிராண்டின் பெயர் போட்டு, பாதி விலைக்கும் கீழே இணையத்தில் கிடைக்கும் ஹேண்டில்பாரையும் ஃபிரேமையும் தொடவே தொடாதீர்கள். போலியில் வெளிப்பக்கம் கட்டம் கட்டமாக அழகான கார்பன் நெசவு தெரியும். அந்த அழகுக்கும் பலத்துக்கும் சம்பந்தம் இல்லை; பலம் அடியில் கிடக்கும் அடுக்குகளில் இருக்கிறது. அங்கே அடுக்கு குறைந்திருக்கிறதா, சுருக்கம் விழுந்திருக்கிறதா, காற்றுக்குமிழி இருக்கிறதா என்று நம்மால் பார்க்க முடியாது. பிராண்ட் இல்லாதது எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை; சோதனைச் சான்றோடு, பெயரும் முகவரியும் போட்டு விற்கும் சிறிய தயாரிப்பாளர்கள் உண்டு. பொய்ப் பெயரில் விற்பவர் சோதனை செய்திருக்கப் போவதில்லை.

உடைந்த ஃபிரேமை ஒட்ட முடியுமா? முடியும், ஒழுங்காகத் தெரிந்தவர் செய்தால் நன்றாகவே முடியும். சேதமான பகுதியைச் சுற்றி அடுக்கடுக்காகச் சரிவாகத் தேய்த்து எடுத்து, அசலில் இழை ஓடிய அதே திசைகளில் புது அடுக்குகளை ஒட்டி, சூடு கொடுத்து இறுக வைப்பார்கள். விரிசலின் மேல் எபாக்சி தடவி, பெயின்ட் அடித்துத் தருவது பழுதுபார்ப்பு இல்லை. வீட்டில் நீங்களே தேய்ப்பதாக இருந்தால் முகமூடி இல்லாமல் இறங்காதீர்கள், கார்பன் தூசி மூச்சுக்குக் கெடுதல்.

ஆனால் இது ஃபிரேமின் குழாய்களுக்கு மட்டும். ஹேண்டில்பாரையோ ஃபோர்க் தண்டையோ ஒட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புதிது வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் குப்பையில் போடுமுன் ரம்பத்தால் அறுத்து இரண்டாக்கிவிடுங்கள். அறுக்கும்போது பாகத்தின் மேல் ஈரத்துணி சுற்றினால் தூசி அதிகம் பறக்காது. முழுதாகப் போட்டால் பார்க்கப் புதிது போலவே இருக்கும், பழைய சாமான் கடை வழியாக யாராவது ஒருவரின் சைக்கிளில் ஏறிவிடும்.